கணபதியின் பழைய இரும்பும் நொய்யலின் உப்பும்

கோயம்புத்தூர் காந்திபுரத்திலிருந்து சத்தி ரோட்டில் வடக்கே போகும் பேருந்தில் 'டெக்ஸ்டூல்' என்றொரு நிறுத்தம் வரும். டி. பாலசுந்தரம் நாயுடு தொடங்கிய தொழிற்சாலையின் பெயர் அது. கணபதி அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால் லேத் பட்டறை, அதையொட்டி பேட்டர்ன் கடை, சற்றுத் தள்ளி ஒரு பவுண்டரி, சந்து முனையில் பழைய இரும்புக் கடை, எதிர்ச்சாரியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை. இவை ஒன்றை ஒன்று நம்பிப் பிழைப்பவை. பவுண்டரியில் வார்த்த பம்ப் கூடு லேத்துக்குப் போகிறது. லேத்தில் சீவி விழும் தூளும் சுருளும் மூட்டை மூட்டையாகப் பழைய இரும்புக் கடைக்கு வருகின்றன. கடைக்காரர் வார்ப்பிரும்பு, எஃகு, செம்பு, அலுமினியம் என்று தரம் பிரித்து, இரும்பை மறுபடி பவுண்டரிக்கே அனுப்புகிறார். இருபது முப்பது ஆண்டுகள் ஏதோ ஒரு கிணற்றில் ஓடித் தேய்ந்த பம்பும் கடைசியில் இதே உலைக்குத்தான் வந்து சேரும்.

இந்த ஏற்பாட்டை இன்று உலகம் சுழற்சிப் பொருளாதாரம் என்று அழைக்கிறது. எடு, செய், எறி என்ற நேர்கோட்டை வளைத்து, எறிவதை மறுபடி எடுப்பதற்கான மூலமாக ஆக்குவது. பூமியை எல்லையற்ற புல்வெளியாக நினைத்தது போதும், மூடிய விண்கலமாக நினைத்துக் கணக்குப் போடுங்கள் என்று பொருளியலாளர் கென்னத் போல்டிங் 1966-ல் எழுதினார். பத்தாண்டு கழித்து, 1976-ல், வால்டர் ஸ்டாஹெலும் ஜெனிவீவ் ரெடேயும் ஐரோப்பிய ஆணையத்துக்குத் தந்த அறிக்கையில், பொருள்களைப் பழுதுபார்த்து நீண்டநாள் உழைக்க வைத்தால் ஆற்றலும் மிச்சமாகும், வேலையும் பெருகும் என்று காட்டினார்கள். அன்றிலிருந்து ஒரு நம்பிக்கை வளர்ந்து வந்திருக்கிறது: கழிவைச் சுழற்றினால் பொருளாதாரமும் வளரும், இயற்கையும் பிழைக்கும், இரண்டுக்கும் சண்டையே இல்லை.

அந்த நம்பிக்கையில் பாதி உண்மை. எந்தப் பாதி என்பதைக் கொங்கு நாட்டுத் தொழில்களை வைத்தே சொல்ல முடியும். இங்கே சுழற்சி புத்தகத்திலிருந்து வரவில்லை. முதல் இல்லாதவன் தொழில் செய்யக் கண்டுபிடித்த வழியாக வந்தது.

உலையிலிருந்து தொடங்குவோம். மண்ணில் கிடைக்கும் இரும்புத் தாது என்பது ஆக்சிஜனோடு இறுகப் பிணைந்த இரும்பு. ஹெமடைட் தாதுவின் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் ஆக்சிஜன்தான். அந்தப் பிணைப்பை அறுக்க ஊதுலையில் கரியைப் போட்டு எரிக்க வேண்டும். கரி ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு புகையாக வெளியேறுகிறது. இப்படி ஒரு டன் எஃகு செய்தால் இரண்டு டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு வானத்துக்குப் போகும். பழைய இரும்பில் அந்தப் பிணைப்பை முன்பே யாரோ அறுத்து முடித்துவிட்டார்கள். அதை உருக்கினால் போதும். கணபதி போன்ற இடங்களில் இன்று ஓடும் இண்டக்‌ஷன் உலையில் ஒரு டன் உருக்க 550 முதல் 650 யூனிட் மின்சாரம் ஆகும். நம் மின்சாரத்தின் பெரும்பகுதி நிலக்கரியில் பிறப்பதைச் சேர்த்துக்கொண்டாலும் அரை டன் கார்பன் டை ஆக்சைடுக்குள் வேலை முடிகிறது. அலுமினியத்தில் வித்தியாசம் இன்னும் பெரிது. தாதுவிலிருந்து ஒரு டன் எடுக்க 14,000 யூனிட் அளவில் செலவாகும். பழையதை உருக்கினால் அந்த ஆற்றலில் 95 சதவீதம் மிச்சம்.

இந்த மிச்சம்தான் கோவையின் வளர்ச்சிக்கு அடியில் இருக்கிறது. கொங்கு நாட்டில் நிலக்கரிச் சுரங்கம் இல்லை, துறைமுகம் இல்லை. ஊதுலை வைக்க ஆயிரக்கணக்கான கோடி வேண்டும். சிறு பவுண்டரி வைக்க ஒரு குடும்பத்தின் நிலத்தை அடகு வைத்தால் போதும். 1930-களில் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்தது, கிணறுகளுக்கு பம்ப் தேவைப்பட்டது, மில்களுக்கு உதிரிப் பாகங்கள் தேவைப்பட்டன. பழைய இரும்பும் கொஞ்சம் புது வார்ப்பிரும்புக் கட்டியும் சேர்த்து உருக்கி அந்தத் தேவையை ஊரே நிறைவேற்றிக்கொண்டது. இன்று நாட்டின் பம்ப் உற்பத்தியில் ஏறக்குறைய பாதி கோவையைச் சுற்றி நடக்கிறது. அந்த மோட்டார்களையும் பம்புகளையும் நாடு முழுக்க அனுப்பும் தொழிலின் மூலப்பொருளில் கணிசமான பங்கு ஏற்கெனவே ஒருமுறை வாழ்ந்து முடித்த இரும்பு. சுழற்சி வளர்ச்சியைத் தடுக்கும் என்று யாராவது சொன்னால் அவரைக் கணபதிக்கு ஒருமுறை கூட்டி வரலாம்.

ஆனால் வட்டம் முழுதாக மூடுவதில்லை. ஒவ்வொரு முறை உருக்கும்போதும் இரும்பில் ஒரு சிறு பங்கு துருவாகவும் கசடாகவும் போய்விடும். பழைய மோட்டாரோடு ஒட்டிக்கொண்டு வரும் செம்பை, உருகிய எஃகிலிருந்து பிரித்தெடுக்க மலிவான வழி இன்றுவரை இல்லை. வார்ப்பிரும்பு கொஞ்சம் செம்பைத் தாங்கும். தகடாக உருட்ட வேண்டிய எஃகு தாங்காது, சூட்டில் வெடிப்பு விடும். அடுத்தது மணல். பென்டோனைட் களியும் கரித்தூளும் கலந்த மணலில் அச்சுப் பதித்துத்தான் வார்ப்பு எடுக்கிறார்கள். அதே மணலைப் பலமுறை பயன்படுத்தலாம் என்றாலும், உலைச்சூடு பட்ட களி செத்துப்போகிறது. அதன் பிடிப்பு மறுபடி வராது. செத்த களியும் தூளும் ஏற ஏற வார்ப்பில் ஓட்டை விழும். அதனால் தினமும் கொஞ்சம் மணலை வெளியே தள்ளிப் புது மணலை உள்ளே விட வேண்டும். வெளியே தள்ளிய கறுப்பு மணல் நீண்டகாலம் ஓடையோரங்களிலும் காலி இடங்களிலும் கொட்டப்பட்டது. அரசூரிலும் மாணிக்கம்பாளையத்திலும் பவுண்டரிப் பூங்காக்கள் வந்தபோது, பலர் சேர்ந்து ஒரே இடத்தில் மணலைச் சுத்திகரிக்கும் எண்ணத்துக்கு வழி பிறந்தது. தனியாக ஒரு சிறு பவுண்டரியால் அந்த எந்திரத்தை வாங்கிக் கட்டுப்படியாக்க முடியாது.

இதெல்லாம் பொறியியல் சிக்கல்கள். திறமையும் பணமும் இருந்தால் குறைத்துவிடலாம். குறைக்கவே முடியாத சிக்கல் ஒன்று கணக்கில் இருக்கிறது. வளர்ச்சிக்கும் சுழற்சிக்கும் உள்ள உறவைப் புரிந்துகொள்ள அந்த ஒரு கணக்கைத் தெரிந்துகொண்டால் போதும் என்பது என் எண்ணம்.

ஓர் இரும்புப் பொருள் சராசரியாக 25 ஆண்டு உழைக்கிறது என்று வையுங்கள். இந்த ஆண்டு பழைய இரும்பாகத் திரும்பி வருவது 25 ஆண்டுக்கு முன் விற்றது. இரும்பின் தேவை ஆண்டுக்கு 6 சதவீதம் வளர்ந்தால் 25 ஆண்டில் அது நாலேகால் மடங்கைத் தாண்டிவிடும். ஆக, அன்று விற்ற ஒவ்வொரு ஆணியையும், ஒரு குண்டூசி விடாமல் திரட்டி உருக்கினாலும், இன்றைய தேவையில் 23 சதவீதத்தைத்தான் நிரப்ப முடியும். மீதி 77 சதவீதம் மண்ணைத் தோண்டித்தான் வர வேண்டும். வளர்ச்சி 2 சதவீதமாக இருந்தால் பழையது 61 சதவீதம் வரை ஈடுகொடுக்கும். தேவை வளராமல் நின்றால் மட்டும், ஏட்டளவில், நூற்றுக்கு நூறு. பொருளின் ஆயுளை நீட்டினாலும் திரும்பி வரும் பங்கு இன்னும் குறையும். ஆனால் அது நல்ல குறைவு, ஏனென்றால் புதிதாகச் செய்ய வேண்டிய தேவையே தள்ளிப்போகிறது.

எந்தத் தொழில்நுட்பத்தாலும் இந்தக் கணக்கை மீற முடியாது. மறுசுழற்சி நூறு சதவீதம் ஆகிவிட்டால் சுரங்கமே வேண்டாம் என்று மேடையில் பேசுபவர்கள் வளர்ச்சி விகிதத்தை மறந்துவிடுகிறார்கள். உலக நிலவரமும் இதைத்தான் காட்டுகிறது. 1970-ல் மனிதகுலம் பூமியிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 3,000 கோடி டன் பொருள்களை எடுத்தது. இப்போது 10,000 கோடி டன்னுக்கு மேல். உலகப் பயன்பாட்டில் மறுசுழற்சிப் பொருள்களின் பங்கு 9.1 சதவீதம் என்று 2018-ல் மதிப்பிட்ட அதே அறிக்கைத் தொடர், 2023-ல் அதை 7.2 சதவீதம் என்றது. மறுசுழற்சி ஆலைகள் பெருகிக்கொண்டே இருக்க, பங்கு மட்டும் சுருங்கியது. மொத்தம் அதைவிட வேகமாக வீங்கியதே காரணம்.

இதைச் சொல்லி இந்தியாவைப் பார்த்து வளராதே என்று எவரும் கட்டளையிட முடியாது. நம் நாட்டில் தலைக்கு எஃகுப் பயன்பாடு ஆண்டுக்கு 100 கிலோவை ஒட்டியது. உலகச் சராசரி 200 கிலோவுக்கு மேல். பாலமும் பள்ளிக்கூடமும் ரயில் பாதையும் இன்னும் கட்ட வேண்டியிருக்கிறது. ஐரோப்பாவுக்கும் ஜப்பானுக்கும் கட்டி முடித்த ஊர்கள் இருக்கின்றன, திரும்பி வரப் பழைய இரும்பும் இருக்கிறது. அவர்களுடைய மறுசுழற்சி விகிதத்தை நம்மோடு ஒப்பிட்டு நம்மைக் குறை சொல்வது நியாயம் இல்லை. நியாயமான கேள்வி வேறு: நாம் கட்டுவது எவ்வளவு காலம் உழைக்கும், பிறகு எவ்வளவு எளிதாகப் பிரியும்?

இரும்பை விட்டுப் பஞ்சுக்கு வருவோம். கொங்கு நாட்டில் சுழற்சியின் மிக நேர்த்தியான வேலை நடப்பது ஓ.இ. (ஓப்பன் எண்ட்) எனப்படும் ரோட்டார் நூற்பு மில்களில்தான். நல்ல நூல் நூற்கும் ஆலையில், நயமான நூலுக்காகப் பஞ்சைச் சீவும்போது குட்டை இழைகள் 15 முதல் 20 சதவீதம் வரை கழிந்துவிடும். இதைத்தான் கோம்பர் நாயில் என்கிறார்கள். அதற்கு முன்பே, பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் கார்டிங்கிலும் புளோ ரூமிலும் கழிவு விழும். திருப்பூரில் பனியன் துணி வெட்டும் மேசையடியில் கட்டிங் வேஸ்ட் குவியும். ஒருகாலத்தில் துடைக்கும் துணியாகவும் மெத்தைப் பஞ்சாகவும் போன இவற்றை நூலாக்க வழி திறந்தது ஓர் எந்திரம். 1967-ல் செக்கோஸ்லோவாக்கியா பி.டி. 200 என்ற ரோட்டார் நூற்பு எந்திரத்தை உலகுக்குக் காட்டியது. பழைய ரிங் நூற்பில் கதிர் சுற்றி இழையை முறுக்கும். நூல் நிற்க இழைக்கு நல்ல நீளம் வேண்டும். ரோட்டாரில் இழைகள் தனித்தனியாகப் பிரிந்து, அதிவேகமாகச் சுழலும் சிறு கிண்ணத்தின் உள்விளிம்பில் போய் அடுக்குகின்றன. அங்கிருந்து முறுக்கேறி நூலாக வெளியே வருகின்றன. குட்டை இழையும் பிழைத்துக்கொள்கிறது. நூல் கொஞ்சம் தடிமன், கொஞ்சம் பலவீனம். லுங்கிக்கும் துண்டுக்கும் போர்வைக்கும் கையுறைக்கும் அது போதும்.

கலர் நூல் கதை இன்னும் அழகானது. கட்டிங் வேஸ்ட் குடோன்களில் பெண்கள் உட்கார்ந்து துண்டுத் துணிகளை நிறம் நிறமாகப் பிரிக்கிறார்கள். சிவப்பு ஒரு குவியல், நீலத்தில் வெளிறியது ஒன்று, கருநீலம் இன்னொன்று. அதைக் கிழித்து, சிக்கெடுத்து, பஞ்சாக்கி நூற்றால் நூல் பிறக்கும்போதே நிறத்தோடு பிறக்கிறது. சாயம் போட வேண்டாம். ஆகவே சாயத்துக்கான தண்ணீரும் உப்பும் சூடும் வேண்டாம். பருத்தி விளைய வைக்கும் தண்ணீரும் மிச்சம். ஒரு கிலோ நூலில் இத்தனை மிச்சத்தைத் தரும் தொழில் வேறு எதுவும் என் நினைவுக்கு வரவில்லை. அந்தத் தரம் பிரிக்கும் பெண்களின் கூலியையும், அவர்கள் மூச்சில் ஏறும் பஞ்சுத் தூசியையும் எந்தப் பசுமைச் சான்றிதழும் போதிய அளவு கணக்கில் எடுப்பதில்லை என்பதையும் இங்கேயே சொல்லியாக வேண்டும். சுழற்சி அவர்கள் விரல்களில்தான் நிற்கிறது.

இங்கும் இயற்பியல் குறுக்கே வருகிறது. நல்ல பருத்தி இழை 28, 30 மில்லிமீட்டர் நீளம். துணியைக் கிழித்துப் பஞ்சாக்கும்போது பெரும்பாலான இழைகள் 15 மில்லிமீட்டருக்குள் அறுந்துபோகும். இரண்டாம் முறை கிழித்தால் நூற்கவே ஆகாது. பலம் சேர்க்கப் பாலியெஸ்டர் கலக்கிறார்கள். அது பெரும்பாலும் பெட் பாட்டிலை உருக்கி இழுத்தது. 2023 பிப்ரவரியில் பிரதமர் நாடாளுமன்றத்துக்கு அணிந்து வந்த நீல நிற மேல்சட்டையின் துணி, இப்படிப் பாட்டில் பிளாஸ்டிக்கிலிருந்து கரூரில் உருவானது. அன்று நாடே அதைப் பேசியது. பெருமைப்பட வேண்டிய திறமைதான். ஆனால் பாட்டில் பாட்டிலாகவே திரும்பினால் வட்டம் பலமுறை சுற்றும். சட்டையாகிப் பருத்தியோடு கலந்துவிட்டால் இரண்டையும் பிரிப்பது பெரும்பாடு. பயணம் அங்கேயே முடிந்துவிடுகிறது. அதை வட்டம் என்று சொல்வதைவிட, குப்பைமேட்டுக்குப் போகும் வழியில் இன்னொரு நிறுத்தம் என்று சொல்வதே சரி.

சந்தையும் தன் வேலையைக் காட்டுகிறது. கழிவுக்கு விலை வந்துவிட்டால் அது கழிவாக இருக்காது. பஞ்சு விலை ஏறும்போது கழிவுப் பஞ்சின் விலையும் ஏறுகிறது. ஏற்றுமதிக்குப் போனால் இன்னும் ஏறுகிறது. 2023 ஜூலையில் தமிழ்நாட்டின் ஓ.இ. மில்கள் கழிவுப் பஞ்சு விலையையும் மின்கட்டணத்தையும் காட்டி உற்பத்தி நிறுத்தம் அறிவித்தன. இன்னொரு பக்கம், மலிவான நூல் வந்தால் மலிவான துணி வரும். மலிவான துணியை மக்கள் கூடுதலாக வாங்குவார்கள். நீராவி எந்திரம் குறைந்த நிலக்கரியில் ஓடக் கற்றுக்கொண்டபின் இங்கிலாந்தின் நிலக்கரிச் செலவு குறையாமல் கூடியதை வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் 1865-லேயே எழுதினார். மறுசுழற்சிக்கும் இதே விதி பொருந்தும் என்று டிரெவர் ஜிங்க், ரோலண்ட் கேயர் என்ற இரு ஆய்வாளர்கள் 2017-ல் காட்டினார்கள். பழைய பொருளிலிருந்து செய்தது, புதுப் பொருளிலிருந்து செய்யும் ஒன்றை உண்மையிலேயே விலக்கினால்தான் இயற்கைக்கு லாபம். விலக்காமல் பக்கத்தில் இன்னொரு கடை போட்டால், வளர்ச்சி உண்டு, லாபம் இல்லை. கொங்கு நாட்டு ஓ.இ. நூலில் எவ்வளவு விலக்குகிறது, எவ்வளவு கூடுகிறது என்பதுதான் எங்கள் பல்கலைக்கழகங்கள் எடுக்க வேண்டிய ஆய்வு.

விலக்குகிறது என்று ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடிய உதாரணம் பொள்ளாச்சியில் இருக்கிறது. தேங்காய் மட்டையிலிருந்து நார் எடுத்தபின் மிஞ்சும் பித்து முன்பு மலைமலையாகக் கிடந்து மழையில் கசிந்தது. இன்று அதைக் கட்டியாக அழுத்திச் செடி வளர்க்கும் ஊடகமாக ஏற்றுமதி செய்கிறார்கள். நாட்டின் தென்னை நார்த் துறை ஏற்றுமதியில் மிகப் பெரிய பங்கு அதற்குத்தான். ஐரோப்பியப் பசுமைக்குடில்களில் அது சதுப்புநிலக் கரிமண்ணின் இடத்தைப் பிடிக்கிறது. கரிமண்ணைத் தோண்டாமல் விட்டால் ஆயிரமாயிரம் ஆண்டு சேர்ந்த கார்பன் மண்ணிலேயே தங்கும். ஆனால் பித்தின் உப்பை நீக்கக் கழுவும் தண்ணீர் இங்கே பொள்ளாச்சிக் கிணறுகளில் இறங்கியது. 2021-ல் அரசு, மாசு வகைப்பாட்டில், தென்னை நார்த் தொழிலை மாசற்றவற்றுக்கான வெள்ளைப் பட்டியலிலிருந்து மாசு கூடியவற்றுக்கான ஆரஞ்சுப் பட்டியலுக்கு மாற்றியது. லாபம் தொலைவில் விழ, பாடு உள்ளூரில் விழுந்திருக்கிறது.

இனி நொய்யல். வெள்ளியங்கிரியில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் காவிரியில் கலக்கும் இந்த ஆறு, இந்தக் கட்டுரையின் மிகக் கடினமான பாடம். பருத்தித் துணி தண்ணீரில் நனைந்தால் மேற்பரப்பில் எதிர்மின்னேற்றம் கொள்ளும், சாயத்துக்கும் எதிர்மின்னேற்றம். இரண்டும் விலகி நிற்காமல் ஒட்ட வேண்டுமானால் தொட்டியில் நிறைய உப்பு போட வேண்டும். துணி உப்பை எடுத்துக்கொள்வதில்லை, அத்தனையும் கழிவுநீரோடு வெளியே வந்துவிடும். திருப்பூர் வளர வளர அந்த உப்பு ஆற்றில் சேர்ந்தது. 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கு உதவாமல் சாய நீரின் தொட்டியானது. அணையைத் திறக்காதீர்கள் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. அவர்கள் நீதிமன்றம் போனார்கள். ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006-ல் உத்தரவிட்டது, 2009-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அப்படியும் நடக்காததால் 2011 ஜனவரி 28 அன்று சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஊர் ஸ்தம்பித்தது.

பிறகு நடந்ததை உலகமே வந்து பார்க்கிறது. 18 பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஒரு சொட்டும் வெளியேற்றாத முறைக்கு மாறின. சவ்வு வழியே தண்ணீரை அழுத்தி உப்பைப் பிரிப்பது, மிஞ்சிய அடர் உப்புநீரிலிருந்து சாயமிட மறுபடி பயன்படும் உப்பை மீட்பது (அருள்புரத்தில் சோதித்துப் பார்த்தபின் மற்ற இடங்களுக்குப் பரவிய முறை இது) என்று தொழில்நுட்பம் படிப்படியாகத் தேறியது. தண்ணீரில் 90 சதவீதத்துக்கு மேல் மீட்கிறார்கள். நாளொன்றுக்கு 13 கோடி லிட்டர் இப்படித் திரும்புவதாகத் தொழில் துறையினர் சொல்கிறார்கள். வளர்ச்சி செத்ததா? 2011-ஐ ஒட்டி 12,000 கோடி ரூபாய் அளவில் இருந்த திருப்பூரின் ஏற்றுமதி, 2024-25-ல் ஏறத்தாழ 40,000 கோடி. விலைவாசி ஏற்றத்தைக் கழித்தாலும் வளர்ச்சிதான். இந்தச் சுழற்சியைச் சந்தை கொண்டு வரவில்லை. ஆற்றில் கொட்டுவது இலவசமாக இருந்தவரை எவரும் தண்ணீரை மீட்கவில்லை. கொட்ட முடியாது என்று சட்டம் சொன்னபின் மீட்டார்கள். பழைய இரும்புக்குச் சந்தை போதும், ஏனென்றால் அது விலைபோகும் பொருள். உப்புநீருக்கு நீதிமன்றம் வேண்டியிருந்தது.

அதிலும் கசப்பு உண்டு. ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க 0.63 யூனிட் அளவு வெப்பம் வேண்டும். ஆவியின் வெப்பத்தை மறுபடி பயன்படுத்தி இதைப் பல மடங்கு குறைக்கலாம், ஆனால் பூஜ்யமாக்க முடியாது. ஆற்றைக் காக்க விறகும் நிலக்கரியும் மின்சாரமும் எரிகின்றன. முடிவில், பிரிக்க முடியாத கலவை உப்பு மூட்டை மூட்டையாகக் கொட்டகைகளில் தேங்கி நிற்கிறது. கொஞ்சம் சாய வேலை விதி தளர்ந்த இடங்களுக்கு நகர்ந்துவிட்டதும் உண்மை. சுமை இப்படி வேறிடத்துக்கு நகர்வதைக் கரூர் மாவட்டத்தின் காகித ஆலையிலும் பார்க்கலாம். 1979-ல் அரசு நிறுவிய டி.என்.பி.எல். மரத்துக்குப் பதில் கரும்புச் சக்கையில் காகிதம் செய்து உலகுக்கு வழி காட்டியது. சர்க்கரை ஆலைகள் அந்தச் சக்கையைத்தான் கொதிகலனில் எரித்து வந்தன. சக்கையைக் கொடுத்ததற்கு ஈடாக அவை வாங்கிக்கொண்டது நிலக்கரி. காடு பிழைத்தது, சுரங்கம் கொஞ்சம் ஆழமானது. கோடு போட்டு உள்ளே மட்டும் பார்த்தால் எல்லாம் சுழலும்.

கணபதியில் காயில் கட்டும் கடையை விட்டுவிட்டேன். சுழற்சியில் உயர்ந்த படி அதுதான். உருக்குவதைவிடப் பழுதுபார்ப்பது மேல். இரும்பும் செம்பும் வடிவம் மாறாமல் நிற்கின்றன, கூலி ஊருக்குள் தங்குகிறது. ஆனால் எரிந்த காயிலை உரிக்கும்போது இரும்புத் தகடுகளை அளவு மீறிச் சுட்டுவிட்டால், தகடுகளுக்கு இடையே உள்ள மெல்லிய பூச்சு கருகி, மின்னோட்டம் வீணாகச் சுழன்று சூடாகும். திறன் ஒன்றிரண்டு புள்ளி இறங்கும். ஐந்து குதிரைத்திறன் மோட்டார் ஆண்டுக்கு 1,500 மணி நேரம் ஓடினால், இரண்டு புள்ளிச் சரிவுக்கு ஆண்டுக்குச் சுமார் 180 யூனிட் கூடுதலாகும். சில ஆண்டுகளிலேயே அது, மோட்டாரைப் புதிதாகச் செய்ய ஆகும் ஆற்றலை விழுங்கிவிடும். தமிழ்நாட்டில் 1990 முதல் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். அந்த 180 யூனிட் விவசாயி கணக்கிலும் வராது, கடைக்காரர் கணக்கிலும் வராது.

இதற்காகப் பழுதுபார்ப்பதை விட வேண்டியதில்லை. வெப்பநிலையைக் கட்டுப்படுத்தி, சரியான கம்பி அளவில் கட்டினால் திறன் குறையாது என்று 2003-ல் அமெரிக்க, பிரிட்டிஷ் மோட்டார் பழுதுபார்ப்போர் அமைப்புகளின் கூட்டு ஆய்வு நிரூபித்தது. சூட்டைக் கட்டுப்படுத்தும் அடுப்பும், தகட்டின் இழப்பைச் சோதிக்கும் கருவியும், சில வாரப் பயிற்சியும் தேவை. 2022 டிசம்பரில் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளத்தைத் தொடங்கியபோது வேளாண் கருவிகளையும் அதில் சேர்த்தது. அந்த உரிமைக்குக் கைகால் முளைக்க வேண்டிய இடம் கணபதியும் அதை அடுத்த ஆவாரம்பாளையமும்தான். ஆனால் காயில் கட்டும் கூலிக்கு இன்றும் 18 சதவீத ஜி.எஸ்.டி. தொழிலாளியின் உழைப்புக்கு, புதுப் பொருளுக்கு விதிக்கும் அதே தட்டில் வரி விதித்துக்கொண்டே சுழற்சியைப் பேசுவது பொருந்தாது. பழுதுபார்ப்பின் வரியைக் கீழ்த்தட்டுக்கு இறக்க வேண்டும்.

தொழில் அமைப்புகளிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. எவ்வளவு கழிவை மறுசுழற்சி செய்தோம் என்று விழாக்களில் சொல்கிறீர்கள். அதோடு இன்னோர் எண்ணையும் ஆண்டுதோறும் வெளியிடுங்கள்: பவுண்டரிகள் புதிதாக வாங்கிய வார்ப்பிரும்புக் கட்டியும் மணலும் எத்தனை டன், மில்கள் வாங்கிய புதுப் பஞ்சும் புதுப் பாலியெஸ்டரும் எத்தனை, சாயப்பட்டறைகள் வெளியிலிருந்து எடுத்த தண்ணீரும் எரித்த விறகும் எத்தனை. வாங்கிய ரசீதுகள் உங்கள் அலுவலகங்களிலேயே இருக்கின்றன. உற்பத்தி கூடும்போது இந்த எண் கூடாமல் நின்றால் கொங்கு நாட்டின் வளர்ச்சியை நிலைத்த வளர்ச்சி என்று துணிந்து சொல்லலாம். கூடிக்கொண்டே போனால், நாம் வேகமாகச் சுழற்றுகிறோம் என்பதைத் தவிர வேறு எதுவும் நடக்கவில்லை.